குமிழி எங்கிருந்து வந்தது? எண்ணெய்க்குள் ஓடும் சர்வரும் இராமநாதபுரக் கடற்காற்றும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் சாலையோர டிரான்ஸ்பார்மர்களின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குப்பி தொங்கும். அதற்குள் இருப்பவை சிலிக்கா ஜெல் மணிகள். போடும்போது நீலமாக இருக்கும். ஈரத்தைக் குடித்தபின் இளஞ்சிவப்பாகும். டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் எண்ணெய் பகலில் சூடேறி விரிந்து காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். இழுக்கும் காற்றை உலர்த்தி அனுப்பத்தான் அந்தக் குப்பி. கடலோரத்தில் அந்த மணிகளுக்கு ஓய்வே இல்லை.

மின்கருவியை எண்ணெயில் முக்கிக் குளிர வைப்பது நூறாண்டுக்கு மேல் பழகிய வேலை. சர்வரையும் இன்வெர்ட்டர் போர்டையும் அப்படி முக்குவதுதான் இன்று புதிதாகப் பேசப்படுகிறது. இந்தக் கரையில் அதற்கு நல்ல காரணம் உண்டு. விசிறி வைத்துக் குளிர வைக்கும் எந்தப் பெட்டியும் உப்புத் துகளையும் நுண்மணலையும் சேர்த்தே இழுக்கிறது. வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமிருந்தும், கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும் உப்பு வருகிறது. இராமேசுவரம் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். போர்டின் செம்புத் தடங்கள் பச்சை பூக்க அதிக நாள் ஆகாது. எண்ணெய்க்குள் மூழ்கிய போர்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தொல்லை வேறு வடிவில் வருகிறது. தொட்டியை ஓட விட்டதும் எண்ணெயில் குமிழி தெரியும். கொதிக்கிறதென்று ஒருவர் பயப்படுவார். நுரைக்கொல்லி நாலு சொட்டு விட்டால் சரியாகும் என்பார் இன்னொருவர். இரண்டுமே பெரும்பாலும் தவறு. குமிழியை அடக்குவதற்கு முன் அது எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் குமிழிகளில் மூன்று சாதி உண்டு: மேலிருந்து எண்ணெயோடு அடித்துக்கொண்டு உள்ளே போன காற்று, எண்ணெயில் கரைந்திருந்து அழுத்தம் குறைந்த இடத்தில் வெளியே வரும் காற்று, திரவமே கொதித்து எழும் ஆவி. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கெடுக்கும்.

மின்பொறி பயம் எவ்வளவு உண்மை?

எண்ணெய்க்குள் காற்றுக் குமிழி வந்தால் அங்கே மின்சாரம் தாவிவிடும் என்பது டிரான்ஸ்பார்மர் உலகிலிருந்து வந்த அச்சம். பல்லாயிரம் வோல்ட்டில் அது நியாயம். எண்ணெயின் மின்காப்பு மாறிலி சுமார் 2.2, காற்றின் மாறிலி 1. அதனால் உருண்டைக் குமிழிக்குள் மின்புலம் சுற்றியுள்ள எண்ணெயில் இருப்பதைவிட ஏறக்குறைய 1.2 மடங்காகிறது. காற்றோ எண்ணெயைவிடப் பலவீனமான காப்பு. ஆகவே முதலில் உடைவது குமிழிதான்.

சர்வர் போர்டில் ஓடுவது 12 வோல்ட் அல்லது 48 வோல்ட். சாதாரணக் காற்றில் இடைவெளி எவ்வளவு குறுகினாலும் சுமார் 327 வோல்ட்டுக்குக் கீழே பொறி பறப்பதில்லை. இடைவெளிக்கேற்பப் பொறி பறக்கும் வோல்ட்டைச் சொல்லும் பாஷென் விதியின் அடிமட்டம் அது. பவர் சப்ளையின் உள்ளே 230 வோல்ட்டின் உச்சம் 325-ஐத் தொடும், நேர்மின்சாரமாக மாற்றிய பிறகு 390 வோல்ட் வரை போகும். ஆனால் அந்தப் பகுதியின் இடைவெளிகளெல்லாம் காற்றில் ஓடுவதற்கென்றே வகுத்தவை. முழுக்கக் காற்றிலேயே தாங்கும் இடத்தில் ஒரு குமிழி வந்து ஒன்றும் செய்துவிடாது.

ஆகவே இங்கே குமிழியால் வரும் கேடு வெப்பக் கேடு. எண்ணெயின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, டிகிரிக்கு 0.13 வாட் அளவு, காற்றுக்கு 0.026. ஹீட் சிங்க் துடுப்புகளுக்கு நடுவே காற்று தங்கினால் அந்தத் துடுப்பு இருந்தும் இல்லாததுபோல்தான். அதோடு பம்பின் ஓட்டம் குறையும், ஓட்டமானி பொய் சொல்லும், எண்ணெயும் விரைவில் பழுதாகும்.

கலுங்கில் விழும் எண்ணெய்

கொதிக்காத எண்ணெயில், அதாவது ஒற்றைநிலைக் குளிர்விப்பில், குமிழிகளில் பெரும்பங்கு முதல் சாதி. ஏன் என்று புரிய தொட்டியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த எண்ணெய் அடியிலுள்ள துளைக்குழாய் வழியாக வந்து, நிமிர்த்திச் செருகிய சர்வர்களுக்கு ஊடாக மேலேறும். மேல்விளிம்பில் வழிந்து பக்க வாய்க்காலில் விழும். அங்கிருந்து பம்ப் உறிஞ்சி, வெப்பமாற்றி வழியே மீண்டும் அடிக்கு அனுப்பும். நம் கண்மாய்க் கலுங்கு அப்படியே. கண்மாய் நிறைந்து கலுங்கில் தண்ணீர் விழும் இடத்தில் எப்படி வெள்ளையாக நுரை புரள்கிறதோ, அதே வேலைதான் இங்கும் சத்தமில்லாமல் நடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொட்டியில் 20 கிலோவாட் சுமை, எண்ணெய் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் 8 டிகிரி வித்தியாசம். எண்ணெயின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு 2.15 கிலோஜூல், அடர்த்தி லிட்டருக்கு 0.82 கிலோ. அப்படியானால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 85 லிட்டர் சுற்ற வேண்டும். வாய்க்காலின் மேற்பரப்பு 0.2 சதுர மீட்டர், எண்ணெய் ஆழம் 20 செ.மீ. என்றால் கொள்ளளவு 40 லிட்டர். விழுந்த எண்ணெய் அங்கே தங்குவது 28 விநாடி மட்டும்.

அந்த 28 விநாடிக்குள் எந்தக் குமிழி மேலே ஏறித் தப்பிக்கும்? ஸ்டோக்ஸ் விதிப்படி குமிழியின் ஏறும் வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் வேகம் கால். 10 சென்டிஸ்டோக்ஸ் பிசுக்குள்ள எண்ணெயில் ஒரு மி.மீ. குமிழி விநாடிக்கு நாலைந்து செ.மீ. ஏறிவிடும். 0.1 மி.மீ. குமிழி விநாடிக்கு அரை மி.மீ.தான் ஏறும், அரை மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வர கால் மணி நேரம். 0.05 மி.மீ. என்றால் ஒரு மணி நேரம். நம் வாய்க்காலிலோ எண்ணெய் விநாடிக்கு 7 மி.மீ. வேகத்தில் கீழே இறங்குகிறது. 0.36 மி.மீ.க்குச் சிறிய குமிழி எல்லாம் எண்ணெயோடு பம்புக்குப் போய்விடும். பம்பின் இறக்கை அதை இன்னும் நுணுக்கி, மோர் போல வெளுத்த எண்ணெயாகத் திருப்பி அனுப்பும். அடுத்த சுற்றில் அது தப்பிக்க வழியே இல்லை.

இந்தக் கணக்கில் பலர் தவற விடும் ஒன்று, கீழிறங்கும் வேகத்தை வாய்க்காலின் ஆழம் தீர்மானிப்பதில்லை என்பது. ஓட்டத்தை மேற்பரப்பால் வகுத்தால் கிடைப்பது அது. ஆழத்தை இருமடங்காக்கினாலும் குமிழிக்கு ஒரு லாபமும் இல்லை. ஏற வேண்டிய தூரமும் கூடிவிடுகிறதே. அகலத்தை இருமடங்காக்கினால் வேகம் பாதியாகி, 0.25 மி.மீ. குமிழி வரை தப்பிக்கும். பிசுக்கு பாதியான எண்ணெயை எடுத்தாலும் ஏறக்குறைய அதே பலன். வாலிநோக்கத்து உப்புப் பாத்திகளை ஏன் பரப்பி, ஆழமில்லாமல் வெட்டியிருக்கிறார்கள்? ஆவி வெளியேற பரப்புதான் வேண்டும். காற்று வெளியேறவும் அப்படியே.

அகலப்படுத்த இடமில்லாத தொட்டிகளில் செய்யக்கூடியவை சில உண்டு. வழியும் விளிம்புக்கும் வாய்க்கால் மட்டத்துக்கும் உள்ள உயரத்தை 2, 3 செ.மீ.க்குள் வைத்திருப்பது முதல் வேலை. விளிம்பிலிருந்து சாய்வான தகடு ஒன்றை எண்ணெய்க்குள் மூழ்கும்படி இறக்கிவிட்டால் எண்ணெய் விழாமல் வழுக்கி இறங்கும். வாய்க்காலின் குறுக்கே 60 மெஷ் (அங்குலத்துக்கு 60 கண்) துருவேறா எஃகு வலையை 30 டிகிரி சாய்வில் வைத்தால் நுண்குமிழிகள் வலையில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி மேலேறும். ஹைட்ராலிக் எந்திரங்களின் எண்ணெய்த் தொட்டியில் பழக்கமான உத்தி இது. பிற குழாய்கள் எது வாய்க்காலுக்குள் திரும்பினாலும் அதன் வாய் எண்ணெய் மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

பம்பின் உறிஞ்சுவாய் அடுத்த இடர். எண்ணெய் மட்டம் போதாவிட்டால் சுழி விழுந்து அதன் நடுவே காற்று கயிறுபோல இறங்கும். 85 லிட்டர் ஓட்டத்துக்கு 40 மி.மீ. குழாய் வைத்தால் அதன் வாய்க்கு மேல் குறைந்தது 21 செ.மீ. எண்ணெய் நிற்க வேண்டும். 50 மி.மீ. குழாய்க்கு 17 செ.மீ., வாயை 75 மி.மீ.க்கு மணிபோல் விரித்தால் 14 செ.மீ. போதும். 20 செ.மீ. ஆழமுள்ள வாய்க்காலில் 40 மி.மீ. குழாயைச் செருகியவர் தன் கையாலேயே குமிழி எந்திரம் கட்டிவிட்டார்.

மாட்டிக்கொண்ட காற்று

சர்வரை முதன்முதலில் எண்ணெயில் இறக்கும்போது துடுப்புகளுக்கு இடையில், மெமரி சாக்கெட்டுகளுக்கு அடியில், பவர் சப்ளைப் பெட்டியின் மேல்மூலையில், சோக் காயில்களின் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். ஓட்டத்தோடு வராமல் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதால் இதைக் கண்ணாலும் பார்க்க முடியாது. காட்டிக்கொடுப்பது வெப்பநிலை மட்டும். ஒரே சுமையில் ஓடும் பத்து சர்வர்களில் ஒன்றின் சிப் மட்டும் ஐந்தாறு டிகிரி கூடுதலாக நின்றால், அதை அணைத்து, மெதுவாக மேலே தூக்கி, இருபுறமும் சாய்த்து, மறுபடி இறக்குங்கள். சூடு இறங்கினால் காரணம் காற்று. இறங்காவிட்டால் ஹீட் சிங்க் இணைப்பைப் பார்க்க வேண்டும். வழக்கமான வெப்பப் பசையை எண்ணெய் மெல்ல மெல்லக் கரைத்து எடுத்துவிடும். அதனால்தான் பசைக்குப் பதில் இண்டியம் என்ற மெல்லிய உலோகத் தகடு வைப்பது.

காலித் தொட்டியை நிரப்பும்போது எண்ணெயை மேலிருந்து ஊற்றக் கூடாது. அடி வழியாக, மெதுவாக, முடிந்தால் 40 டிகிரி அளவுக்குச் சூடாக்கி ஏற்ற வேண்டும். சூட்டில் பிசுக்கு குறைந்து சந்துபொந்துக்குள் ஏறிக் காற்றைத் தள்ளும். மின்சாரம் கொடுக்காமல் ஒரு மணி நேரம் சுற்ற விட்டபிறகே சர்வரை இயக்கலாம். விசிறிகளைக் கழற்றி, அவற்றின் வேக சமிக்ஞைக்கு மாற்று ஏற்பாடு செய்திருக்க வேண்டும். காற்றுத்துளை உள்ள ஹார்டு டிஸ்க் எண்ணெய்க்குள் போகக் கூடாது. ஒளியிழை மாட்யூல் என்றால் முத்திரையிட்டதாக இருக்க வேண்டும். ஒளி போகும் இடைவெளியில் எண்ணெயும் குமிழியும் மாறிமாறி வந்தால் இணைப்பு விட்டுவிட்டு அறும்.

படகு மெக்கானிக் அறிந்த பாடம்

பாம்பனிலோ மண்டபத்திலோ விசைப்படகு டீசல் எஞ்சின் திணறினால் மெக்கானிக் முதலில் சொல்வது, “லைன்ல ஏர் பிடிச்சிருக்கு.” ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போய்ச் சுத்த டீசல் வரும்வரை விட்டு, திருகை இறுக்குவார். எங்கே டீசல் ஒழுகுகிறது என்று அவர் தேடுவதில்லை. உறிஞ்சும் பக்கக் குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும் என்று அவருக்குத் தெரியும்.

இங்கும் அதே நியாயம். பம்புக்கு முன்னால் உள்ள கிளாம்ப், ஓ-ரிங், வால்வுத் தண்டு எதுவும் நனைந்தே இருக்காது. ஆனால் அங்கே காற்று புகும். கண்டுபிடிக்க எளிய வழி, சந்தேகப்பட்ட இணைப்பின் மேல் அதே எண்ணெயைக் கொஞ்சம் பூசுவது. குமிழி சில நிமிடம் குறைந்தால் இடம் அதுவே. பம்பை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே வைத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது.

கரைந்த காற்றின் கதை இதோடு ஒட்டியது. தாது எண்ணெயில் சாதாரண வளிமண்டலத்தில் கன அளவில் 10 விழுக்காடு காற்று கரைந்திருக்கும். ஹென்றி விதிப்படி அழுத்தம் பாதியானால் கரைந்திருக்கக்கூடிய அளவும் பாதி. உறிஞ்சும் பக்கத்தில் நுண்ணிய ஃபில்டரை மாட்டி, அது அடைத்துக்கொண்டு அழுத்தம் அரை பாருக்கு இறங்கினால், கரைந்ததில் பாதி வெளியே வரத் துடிக்கும். அப்போது பம்பில் கூழாங்கல் உருள்வதுபோல் சத்தம் கேட்கும். கேவிட்டேஷன், அதாவது அழுத்தம் குறைந்து திரவமே பம்புக்குள் கொதிக்கிறது என்று சொல்லிப் பம்பை மாற்றுவார்கள். இந்த எண்ணெய்களின் ஆவி அழுத்தம் மிகமிகக் குறைவு. அவை அங்கே கொதிக்க வாய்ப்பில்லை. சத்தம் போடுவது காற்று. ஃபில்டரைத் தள்ளும் பக்கத்துக்கு மாற்றி, உறிஞ்சும் பக்கத்தில் கண் பெரிய வலை மட்டும் விட்டால் பழைய பம்பே அமைதியாக ஓடும்.

குழாய்ப் பாதையின் உயர்ந்த புள்ளிகளிலும் வெப்பமாற்றியின் மேல்வாயிலும் காற்று விடும் வால்வு கட்டாயம். தரைக்கு மேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு வளைவும் ஒரு காற்றுப் பை.

நுரைக்கொல்லி என்ன செய்கிறது

நுரை வேறு, எண்ணெய்க்குள் கலந்த காற்று வேறு. சிலிகோன் நுரைக்கொல்லி மேற்பரப்பிலுள்ள நுரையின் படலத்தை உடைக்கும். அதே சமயம் உள்ளே இருக்கும் நுண்குமிழிகள் மேலேறுவதைத் தாமதப்படுத்தும். டர்பைன் எண்ணெய்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் பட்டியலில் நுரைக்கு டி892, காற்று விடுபடுவதற்கு டி3427 என்று இரண்டு தனித்தனிச் சோதனைகள். மேலே நுரை மறைந்தது, உள்ளே எண்ணெய் இன்னும் வெளுத்தது என்றால் வைத்தியம் நோயைக் கூட்டியிருக்கிறது.

சுத்தமான எண்ணெய் எளிதில் நிலைநுரை கட்டாது. கட்டினால் ஏதோ கலந்திருக்கிறது. முதல் சந்தேகம் பிவிசி கேபிள் உறை. அதிலுள்ள இளக்கிப் பொருளை எண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும். கேபிள் விறைத்து ஒடியும், எண்ணெய் நுரைக்கும். அடுத்தது சரியாகக் காயாத ஐசோபுரொப்பனால், போர்டில் மீந்த ஃப்ளக்ஸ், ஸ்டிக்கர் பசை. ரப்பர் வளையத்திலும் கவனம் வேண்டும். ஹைட்ரோகார்பன் எண்ணெயில் இபிடிஎம் வகை ரப்பர் ஊதிவிடும், வைட்டான் வகை தாங்கும். ஃப்ளோரின் திரவங்களில் தலைகீழ், வைட்டான்தான் ஊதும். ஒரு தொட்டியின் உதிரிப் பெட்டியை அடுத்த தொட்டிக்கு எடுத்துப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் பாதி எண்ணெய் எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால் காற்று. நேரமாகியும் பொதுவாக மங்கலாகவே நின்றால், அல்லது அடியில் துளி சேர்ந்தால் தண்ணீர். சந்தேகம் தீர, 150 டிகிரி சூட்டுத்தட்டில் ஒரு சொட்டு விடலாம். தண்ணீர் இருந்தால் சடசடக்கும். பிறகு அரை நிமிடம் குலுக்கி, நுரை அடங்கும் நேரத்தைப் புது எண்ணெயோடு ஒப்பிட்டால் கலப்படம் உண்டா இல்லையா என்பதும் தெரிந்துவிடும். முதல் நாளே புது எண்ணெய் ஒரு லிட்டரை மூடி எடுத்துவைத்திருந்தால்தான் இந்த ஒப்பீடு முடியும்.

மீன்தொட்டிக் காற்றுப்பம்பை எண்ணெயில் விட்டு அழகுக்குக் குமிழி விடும் கணினிகளைக் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். குமிழி எண்ணெயைக் கலக்கிவிடுவதால் சிறிது குளிர்ச்சி கூடுவதும் மெய்தான். கடற்கரையில் அது நிமிடந்தோறும் ஈரக்காற்றையும் உப்பையும் ஊட்டும் குழாய்.

தொட்டி விடும் மூச்சு

30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் கன மீட்டருக்கு 23 கிராம் நீர் இருக்கும். அதன் பனிநிலை, அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 25 டிகிரி. ஆயிரம் லிட்டர் எண்ணெய் 50 டிகிரியிலிருந்து 28-க்கு ஆறினால் சுமார் 16 லிட்டர் சுருங்கி, அவ்வளவு காற்றை இழுக்கும். ஒரு மூச்சுக்கு அரை பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஈரம்கூட ஏறாது. ஆனால் தாது எண்ணெய் அறை வெப்பத்தில் தாங்குவதே சில பத்து பிபிஎம். திறந்த மூடி அதை நாள்கணக்கில் நிரப்பிவிடும். சூடாக ஓடும்போது கரைந்திருந்த நீர், நின்று ஆறும்போது நுண்துளியாகப் பிரியும். எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் தேங்கும். மறுபடி பம்ப் ஓடியதும் அது காற்றோடு கலந்து எளிதில் உடையாத நுரையாகும். எஸ்டர் வகை எண்ணெய் ஆயிரம் பிபிஎம்முக்கு மேலும் நீரைக் கரைத்துவைத்துக்கொள்ளும். அதனால் மங்கல் தெரியாது, தெரியாததால் கவனிப்பதும் இல்லை.

எனவே மூடிக்கு ரப்பர் விளிம்பு, மூச்சுக்குச் சிலிக்கா ஜெல் குப்பி. ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் வறுத்தால் திரும்பவும் உதவும். குப்பியின் வாயைக் கடற்காற்று வரும் பக்கம் திருப்பி வைக்காதீர்கள். பழைய போர்டை முக்குமுன் அயனி நீக்கிய நீரில் கழுவி, 60 முதல் 80 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்த வேண்டும். உப்பு எண்ணெயில் கரையாது. ஈரத்தைப் பிடித்துக்கொண்டு போர்டின் மேலேயே உட்கார்ந்து, எண்ணெய்க்கு அடியிலும் மின்கசிவைத் தொடரும்.

ஈரமும் காற்றும் சேர்ந்து ஏறிவிட்ட எண்ணெயைத் தூக்கி எறிய வேண்டாம். டிரான்ஸ்பார்மர் எண்ணெயைச் சூடாக்கி வெற்றிடத்தில் உலர்த்தும் வடிகட்டி எந்திரம் மின் ஒப்பந்தக்காரர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். முன்பு ஓடிய பழைய எண்ணெய் அதன் வயிற்றில் மிச்சமிருக்கும் என்பதால் முதலில் கொஞ்சம் புது எண்ணெய் விட்டுக் கழுவிக் கொட்டியபின் இணைக்க வேண்டும்.

கொதிக்கவே விடும் தொட்டி

இருநிலைக் குளிர்விப்பில் குமிழிதான் வேலைக்காரன். 49 டிகிரியில் கொதிக்கும் நோவெக் 649, 56 டிகிரியில் கொதிக்கும் எஃப்சி-72 போன்ற ஃப்ளோரின் திரவங்கள் சிப்பின் மேலேயே கொதித்து, ஆவி மேலேறி, குளிர்சுருளில் பட்டு மழையாகத் திரும்பும். 1985-இல் வந்த கிரே-2 சூப்பர் கணினி இத்தகைய திரவத்தைக் கொதிக்க விடாமல் ஓட்டியது. அப்போதே அதற்கு ‘பபிள்ஸ்’ என்று பட்டப்பெயர். 2021-இல் மைக்ரோசாஃப்ட் தன் தரவு மையம் ஒன்றில் கொதிக்கும் தொட்டியை வேலைக்கு வைத்தது.

இந்தத் திரவத்தின் ஆவியாதல் வெப்பம் கிலோவுக்கு 88 கிலோஜூல்தான். தண்ணீருக்கு 2257. ஒரு கிலோவாட் வெப்பத்தை எடுக்க விநாடிக்கு 11 கிராமுக்கு மேல் கொதிக்க வேண்டும். ஏழு மி.லி. திரவம் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆவியாகிறது, ஒவ்வொரு விநாடியும். அவ்வளவு ஆவி வெளியேறினால்தான் புதுத் திரவம் உள்ளே வர முடியும்.

முடியாமல் போகும் எல்லை ஒன்று உண்டு. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் மிதமான சூட்டில் சொய்யென்று ஆவியாகும். சூடு மிஞ்சினால் துளி உருண்டு ஓடும், சீக்கிரம் வற்றாது. கல்லுக்கும் துளிக்கும் நடுவே ஆவிப்படலம் வந்துவிடுகிறது. சிப்பின் மேலும் அதுவே. இந்த எல்லையைக் கணிக்க சூபர் என்ற ஆய்வாளர் 1959-இல் தந்த சமன்பாட்டில் எஃப்சி-72-இன் எண்களைப் போட்டால் வெறும் தளத்தில் சதுர செ.மீ.க்கு 14 வாட் அளவில் எல்லை விழுகிறது. செயற்கை நுண்ணறிவு வேலைக்கான என்விடியாவின் எச்100 சிப்பின் பரப்பு 8.1 சதுர செ.மீ., வெப்பம் 700 வாட் வரை, சதுர செ.மீ.க்கு 86 வாட். நேராக முக்கினால் படலம் மூடிச் சிப் நொடிகளில் கொதித்தேறும். எனவே செம்புத் தகட்டில் வெப்பத்தைப் பரப்ப வேண்டும். எல்லையில் நிற்கவே 50 சதுர செ.மீ., பாதுகாப்புக்கு அதன் இருமடங்கு; அல்லது நுண்துளைப் பூச்சு பூசி எல்லையையே உயர்த்த வேண்டும். கேபிளிலிருந்து கரைந்த இளக்கி அந்த நுண்துளைகளில் படிந்து அடைக்கும். ஆவியோடு போகாமல் கொதிக்கும் இடத்திலேயே தங்குவது அதன் குணம். கரித்தூள் வடிகட்டி வைப்பது இதற்காகத்தான்.

கரைந்த காற்று இங்கே இன்னொரு ஏமாற்று வேலை செய்யும். ஃப்ளோரின் திரவம் எண்ணெயைவிடப் பல மடங்கு காற்றைக் கரைத்துவைத்திருக்கும். முதல் நாள் அந்தக் காற்றே குமிழிக்கு விதையாகி, கொதிப்பு நல்லபடி தொடங்கும். காற்று போனபிறகு, எல்லாவற்றையும் நனைத்துவிடும் இந்தத் திரவம் தளத்தின் நுண்குழிகளையும் நிரப்பிவிடுவதால் கொதிப்பு தாமதமாகும். சிப் கொதிநிலையைத் தாண்டிப் பத்து இருபது டிகிரி ஏறி, திடீரெனக் கொதித்து இறங்கும். எச்சரிக்கை அளவை முதல் நாள் வெப்பநிலையை வைத்து நிர்ணயித்தவர்களுக்கு அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். வெளியேறிய காற்று மேலே சேர்ந்து குளிர்சுருளைப் போர்வைபோல மூடும். அதனால் முதலில் சில மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிர வைத்துத் துளியாக்கும் குளிர்பொறி வழியே திரவத்தைப் பிடித்துக்கொண்டு காற்றை மட்டும் வெளியேற்றியாக வேண்டும்.

நம் கரையில் சுருளுக்கு 15 டிகிரிக் குளிர்நீர் கொடுப்பது வீண் வேலை மட்டுமல்ல, கேடு. பனிநிலை 25 டிகிரி இருக்கும் காற்றில் மூடியைத் திறந்தால் சுருளில் தண்ணீர் வடியும். நோவெக் 649 தண்ணீரோடு வினைபுரிந்து அமிலம் தரும். கொதிநிலை 49 என்பதால் 28, 30 டிகிரி நீரே போதும். திரவத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.6 மடங்கு; இங்கே தண்ணீரைத் தேட வேண்டியது அடியில் அல்ல, மேலே.

இந்தத் திரவங்களை உற்பத்தி செய்துவந்த 3எம் நிறுவனம், 2025 முடிவுக்குள் இவ்வகை ஃப்ளோரின் வேதிப்பொருள்களைத் தயாரிப்பதை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. புதிதாகத் தொட்டி கட்ட நினைப்பவருக்கு இக்கரையில் ஒற்றைநிலை எண்ணெய்தான் புத்திசாலித்தனமான தேர்வு. வெளியே 38 டிகிரி அடித்தாலும் 50 டிகிரி எண்ணெயைச் சில்லர் இல்லாமல், பூச்சு பூசிய காற்றுக்குளிர்ப்பியாலேயே ஆற்றிவிடலாம்.

மின்சாரம் போய் வந்தபின்

குமிழித் தொல்லையில் பாதி நீண்ட மின்தடைக்குப் பின் தொட்டியைத் திரும்ப ஓட்டும் முதல் அரை மணியில் வருவது. முன்பு போட்ட கணக்கே காரணம் சொல்லும். ஆறிச் சுருங்கிய 16 லிட்டர் எங்கிருந்து வரும்? பெரிய தொட்டி முதலில் தன்னை நிரப்பிக்கொள்ளும். குறைவெல்லாம் வாய்க்காலில் விழும். 40 லிட்டர் வாய்க்கால் 24 லிட்டராகி, ஆழம் 20-லிருந்து 12 செ.மீ.க்கு இறங்கும். 17 செ.மீ. வேண்டிய உறிஞ்சுவாய் அந்த இடத்தில் காற்றைக் குடிக்கும். மேல் விளிம்பிலிருந்து விழும் உயரமும் கூடியிருக்கும். எண்ணெய் ஆறிப் பிசுக்கேறியிருப்பதால் குமிழி ஏறுவதும் மந்தம்.

அதனால் வாய்க்காலின் குறைந்தபட்சக் கோட்டைப் பம்ப் ஓடும்போது, எண்ணெய் ஆறிய நிலையில் வரைய வேண்டும். சூடேறி விரியும் எண்ணெய் ஏற அந்தக் கோட்டுக்கு மேல் பத்து செ.மீ. காலி இடம் இருக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் அடித்திருகைத் திறந்து தேங்கிய நீரை வடியுங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் பம்பை 30 விழுக்காட்டில் தொடங்கி, காற்று வால்வுகளில் நுரை நின்று எண்ணெய் மட்டும் வரும்வரை பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு முழு வேகத்துக்கு ஏற்றலாம். சர்வர்களை மூன்று நான்கு தொகுதியாகப் போட்டு, கடைசித் தொகுதிக்கு முன் பாட்டிலில் ஒரு மாதிரி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியிலிருந்து தெளியத் தொடங்கியிருந்தால் அதையும் போட்டுவிடலாம்.